சென்னை பெயரில் ஆடி மறைந்த அணிகள்: பட்டியல் சரிபார்க்க உதவி தேவை

பழையஸ்கோர்:
சென்னை பெயரைத் தாங்கி, சில சீசன்களிலேயே காணாமல் போன தொழில்முறை அணிகளைத் தொகுக்கிறேன். கையில் இருப்பவை: வீரன்ஸ், சீட்டாஸ் (ஹாக்கி), சூப்பர்ஸ்டார்ஸ் (கிரிக்கெட்), ஸ்மாஷர்ஸ் (பேட்மிண்டன்), ஸ்பார்டன்ஸ் (வாலிபால்), சென்னை சிட்டி எஃப்.சி. (கால்பந்து). கோப்பை ஜெயித்த அணிகளே ஏன் நிலைக்கவில்லை? ஸ்கோர்களை எடுக்கும்போது எங்கே தவறு வரும்?

நாலாவது ஸ்லிப்:
சூப்பர்ஸ்டார்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். 2007ல் எஸ்ஸெல் குழுமம் தொடங்கிய ஐசிஎல்லின் (இந்தியன் கிரிக்கெட் லீக்) முதல் டி20 சாம்பியன் இவர்கள்தான். கேப்டன் ஸ்டூவர்ட் லா, கோச் மைக்கேல் பெவன், நம்ம ஊர் ஹேமங் பதானியும் உண்டு. டிசம்பர் 16 இறுதிப்போட்டியில் சண்டிகர் லயன்ஸை 12 ரன்னில் வென்றார்கள். ஆனால் அந்தத் தொடர் முழுக்க ஹரியானாவின் பஞ்ச்குலாவில் நடந்தது. பிசிசிஐ அங்கீகாரம் இல்லாததால் சேப்பாக்கம் மாதிரி சங்க மைதானங்கள் அவர்களுக்குக் கிடையாது. "சொந்த மைதானம்" என்ற கட்டத்தில் சென்னை என்று போட்டுவிடாதீர்கள்.

போர்டு ஐசிஎல் வீரர்களுக்கு ரஞ்சிக் கதவை அடைத்தது. 2009ல் பொதுமன்னிப்பு அறிவித்ததும் வீரர்கள் திரும்பிப் போனார்கள், லீக் முடிந்தது. இன்னொன்று: அந்த ஆட்டங்கள் அதிகாரபூர்வ டி20 கணக்கில் சேராது. வீரரின் மொத்த டி20 ரன்னில் தேடினால் கிடைக்காது, தனி ஸ்கோர்கார்டாகத்தான் எடுக்கணும்.

எழும்பூர்டர்ஃப்:
வீரன்ஸும் சீட்டாஸும் ஒரே அணி இல்லை, தனித்தனி வரியாகப் போடுங்கள்.

வீரன்ஸ் ஆடியது பிரீமியர் ஹாக்கி லீக்கில் (பிஎச்எல்), 2005 முதல். முதல் சீசன் முழுக்க ஹைதராபாத்தில். நடத்தியது ஐஎச்எஃப்பும் (இந்திய ஹாக்கி சம்மேளனம்) ஈஎஸ்பிஎன் சேனலும். 2008 ஏப்ரலில் ஐஎச்எஃப்பையே இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது, லீக் அத்தோடு நின்றது. சீட்டாஸ் 2012 வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. நிம்பஸ் நிறுவனமும் ஐஎச்எஃப்பும் சேர்ந்து நடத்தியது, சர்வதேச சம்மேளனம் ஏற்கவில்லை. ஒரே சீசன். 2013ல் ஹாக்கி இந்தியா தன் லீக்கைத் தொடங்கியபோது சென்னைக்கு அணியே இல்லை. எழும்பூர் மாதிரி ஹாக்கி ஊறிய இடத்தை விட்டுவிட்டுப் போனது இன்னும் வலிக்கிறது.

பிஎச்எல் ஸ்கோர் எடுக்கும்போது கவனம்: நான்கு கால்பகுதி, ஒவ்வொன்றும் 17.5 நிமிடம், மொத்தம் 70. சர்வதேச ஹாக்கி 15 நிமிடக் கால்பகுதிக்கு (மொத்தம் 60) வந்தது 2014ல்தான். அதனால் 66வது நிமிட கோலைப் பார்த்துவிட்டு "கூடுதல் நேரம்" என்று எழுதிவிட வேண்டாம்.

ரொட்டேஷன்:
ஸ்பார்டன்ஸ்: புரோ வாலிபால் லீக், 2019 பிப்ரவரி. 22ந்தேதி இறுதிப்போட்டியில், சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் காலிகட் ஹீரோஸை 3-0 என வென்றார்கள். செட்டுக்கு 15 புள்ளி என்பதால் 15-11 மாதிரி ஸ்கோர்கள் வரும். வழக்கமாக ஐந்தாவது செட்டுக்குத்தான் 15 புள்ளி, அதனால் ஐந்தாவது செட் என்று நினைக்க வேண்டாம். அதே ஆண்டு வாலிபால் சம்மேளனம், லீக்கை நடத்திய பேஸ்லைன் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்தது. பேஸ்லைன் 2022ல் பிரைம் வாலிபால் லீக்கோடு வந்தபோது சென்னை அணியின் பெயர் பிளிட்ஸ். இரண்டு லீக்குக்கும் சுருக்கம் பிவிஎல்தான், இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

ஸ்மாஷர்ஸ், சிந்து ஆடிய அணி, 2017 ஜனவரியில் மும்பை ராக்கெட்ஸை 4-3 என வென்று பிபிஎல் (பிரீமியர் பேட்மிண்டன் லீக்) கோப்பை எடுத்தது. மோதலில் ஐந்தே ஆட்டம், அப்புறம் எப்படி ஏழு புள்ளி? ஒவ்வொரு அணியும் ஒரு ஆட்டத்தை டிரம்ப்பாக அறிவிக்கும். ஜெயித்தால் 2, தோற்றால் கழித்தல் 1. அன்று இரண்டு டிரம்ப்பும் வென்றன. 2020ல் சென்னை அணி "சூப்பர்ஸ்டார்ஸ்" என்ற பெயரில் இறங்கியது. கிரிக்கெட் சூப்பர்ஸ்டார்ஸோடு கலந்துவிடாமல் பக்கத்தில் விளையாட்டின் பெயரையும் போடுங்கள்.

பழையஸ்கோர்:
மிக்க நன்றி. சென்னை சிட்டிக்கும் இதே கதைதானா?

எழும்பூர்டர்ஃப்:
இல்லை, அதற்குச் சம்மேளனத்தோடு சண்டை இல்லை. 2018-19 ஐ-லீக் சாம்பியன், ஈஸ்ட் பெங்காலை விட ஒரே புள்ளி அதிகம். பெட்ரோ மான்சி 21 கோல். ஆனால் பட்டம் வென்றாலும் இன்னொரு பெரிய லீக்கான ஐஎஸ்எல்லுக்குள் (இந்தியன் சூப்பர் லீக்) நுழைய அப்போது வழி இருக்கவில்லை. அந்த சீசனில் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2020 ஜனவரியில் ஏஎஃப்சி (ஆசிய) சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தை அகமதாபாத்தில் ஆடினார்கள். கடைசி சீசன் 2020-21. மைதானக் கட்டத்தில் கோவை என்றே போடுங்கள்.