மதுரை மாடியில் பச்சைப் பட்டாணி போட்டவர்கள் சொல்லுங்கள்

திருநகரிலிருந்து:

மதுரையில் பட்டாணி வருமா என்றால், வரும். ஆனால் கொஞ்சமாகத்தான் வரும். கொடைக்கானல் மேல்மலையில் அது சும்மா காய்த்துத் தள்ளுகிறது என்றால், கொடைக்கானல் இருப்பது 2,100 மீட்டர் உயரத்தில். நாம் இருப்பது ஏறக்குறைய 100 மீட்டரில். இங்கே மார்கழியிலும் பகல் வெயில் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். பட்டாணிக்குப் பிடித்ததோ 20-க்குள். கொடி தளதளவென்று வந்துவிடும், சோதனை பூக்கும்போதுதான். அந்த வாரத்தில் வெயில் ஏறினால் பூ காம்போடு உதிர்ந்துவிடும்.

அதனால் பூ மார்கழிக்குள் வந்தாக வேண்டும். ஐப்பசி மழையில் போட்டால் விதை அழுகும். மழை ஓய்ந்ததும் கார்த்திகைத் தொடக்கத்தில் ஊன்றுகிறேன். ஆர்க்கெல் மாதிரிக் குட்டை ரகம்தான் நமக்கு லாயக்கு, இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். உயரமாகப் படரும் ரகம் பூக்கும்போது தை வெயில் வந்துவிடும். தொட்டிகளைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே வைத்தேன், மத்தியானத்துக்கு மேல் நிழல் கிடைக்கும் என்று. திறந்த வெயிலில் வைத்தவற்றைவிட இவை நன்றாகவே காய்த்தன.

பந்தல் விஷயத்தில் ஒன்று. அவரை, கம்பையே சுற்றிக்கொண்டு ஏறும். பட்டாணி, இலை நுனியில் சுருளும் மெல்லிய பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுவது, தடித்த கம்பு அதன் பிடிக்குள் அடங்காது. மெல்லிய வேப்பங்குச்சியோ சணல் கயிறோ கட்டுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, பட்டாணிக்கு உப்பு ஆகாது. பிடித்து வைத்த மழைத் தண்ணீரை இதற்கென்றே ஒதுக்கினேன். வீட்டில் முணுமுணுத்தார்கள்.

விளைச்சலா? ஒரு குருமாவுக்குக் காணும். மீதியை வீட்டுப் பிள்ளைகள் பச்சையாகவே உரித்துத் தின்றுவிட்டார்கள். பறித்த உடனே தின்றால் அப்படி ஓர் இனிப்பு. நேரம் ஆக ஆக அந்தச் சர்க்கரை மாவுச்சத்தாகிவிடும். கடைக்காயில் இந்த ருசி கிடைக்காது, நான் போடுவதே இதற்காகத்தான்.

மேலூரிலிருந்து:

மளிகைக் கடைக் காய்ந்த பட்டாணி முளைக்குமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வெள்ளைப் பட்டாணி முளைத்தது. பச்சையை ஊற வைத்தபோது தண்ணீரே பச்சையாகிவிட்டது, சாயம். விதைக்கும் வேண்டாம், சுண்டலுக்கும் வேண்டாம் என்று கொட்டிவிட்டேன். முளைத்ததை அணில் விடவில்லை, பழைய கொசுவலையைப் போட்டு மூடிய பிறகுதான் தப்பியது. காய் அதிகம் இல்லை. நுனித் தளிரைக் கிள்ளிப் பூண்டு போட்டு வதக்கினோம், கீரை மாதிரி நன்றாகவே இருக்கிறது.

உசிலம்பட்டியிலிருந்து:

எனக்கு மார்கழிப் பனியில் இலையெல்லாம் மாவு தூவியது போல வெள்ளை பூத்துவிட்டது, சாம்பல் நோய். நனையும் கந்தகத்தூளை (wettable sulphur) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து வெயில் தாழ்ந்த பின் தெளித்ததில் பரவாமல் நின்றது. பக்கத்திலேயே ஆடியில் போட்ட மொச்சை, பனி விழ விழப் பூத்துக் கொட்டியது. பகல் சுருங்கினால்தான் நாட்டு மொச்சைக்குப் பூக்கத் தோன்றும். பொங்கல் குழம்புக்கு மொச்சை, ஆசைக்குப் பட்டாணி என்று இப்போது பிரித்துக்கொண்டேன்.

காய் முடிந்ததும் பட்டாணிச் செடியைப் பிடுங்க வேண்டாம். தூரோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். செடி நன்றாக வளர்கிற சமயத்தில் வேர் முடிச்சை நசுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், அது காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுப்பதற்கு அடையாளம். அதே தொட்டியில் மாசியில் தண்டங்கீரை தூவினேன், உரம் எதுவும் போடவில்லை.