1773 சுங்கப் பதிவேடு: குத்தகை விரட்டியதா, கப்பல் இழுத்ததா?

ஏட்டுச்சுவடி:
1773 டிசம்பரில் பிரிட்டிஷ் கருவூலம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து துறைமுகச் சுங்க அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. குடிபெயர்ந்து போகிறவர்களின் பெயர், வயது, தொழில், சொந்த ஊர், போகுமிடம், போகும் காரணம் அத்தனையும் எழுத வேண்டும். 1776 வரை ஓடிய அந்தப் பதிவேட்டில் அமெரிக்காவுக்குப் போன ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். வட இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரர்களின் காரணக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வருவது "குத்தகையை ஏற்றிவிட்டார்கள்" என்பதுதான். ஸ்காட்லாந்துக்காரர்கள் வேலையில்லை, பிழைக்க வழியில்லை என்கிறார்கள். போனவர்கள் விரட்டப்பட்டவர்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பாய்மரம்:
விரட்டப்பட்டவன் பக்கத்து ஊருக்குப் போவான், மிஞ்சினால் லண்டனுக்குப் போவான். அட்லாண்டிக்கைத் தாண்ட வைத்தது சரக்குக் கணக்கு. வர்ஜீனியாப் புகையிலைப் பீப்பாய் ஒன்று ஏறக்குறைய ஆயிரம் ராத்தல். வரும்போது கப்பல் பிதுங்கும். திரும்பும்போது ஏற்றுவது துணியும் இரும்புச் சாமானும், அவை பாதி இடத்தைக்கூட அடைக்காது. அந்தக் காலி இடத்துக்குத்தான் ஆள் பிடித்தார்கள்.

அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரைப் பாருங்கள். லினனுக்கு மென்மையான நார் வேண்டுமென்றால் விதை முற்றும் முன்பே ஆளிச்செடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அதனால் அடுத்த விதைப்புக்கு வீட்டில் விதை மிஞ்சாது. பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் குளிர்காலத்தில் விதை வந்து இறங்கும். விதை இறங்கிய டெர்ரி, நியூரி, பெல்ஃபாஸ்ட்டிலேயே அடுத்த சில மாதங்களில் ஆட்கள் ஏறினார்கள். முகவர்கள் சந்தைக்குச் சந்தை போய்ச் சுவரொட்டி ஒட்டினார்கள்.

ஏட்டுச்சுவடி:
அல்ஸ்டர் அந்தப் பதிவேட்டிலேயே இல்லை. அது என் சான்றில் இருக்கும் ஓட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதைக் கப்பல் வருஷாவருஷம் வந்தது, ஆட்கள் அலை அலையாகத்தானே போனார்கள்? 1718, 1729, பிறகு 1770-களின் தொடக்கம். கடைசி அலைக்கு முன்னால் என்ன நடந்தது? அல்ஸ்டரின் ஆன்ட்ரிம் பகுதியில் டோனகால் கோமானின் நிலங்களில் குத்தகைக் காலம் முடிந்து, புதுப்பிக்கப் பெருந்தொகை கேட்டார்கள். லினன் விலையும் சரிந்தது. 1772 ஜூனில் ஸ்காட்லாந்தின் ஏர் வங்கி மூழ்கிக் கடன் வறண்டது, பெய்ஸ்லி நெசவாளர்களின் தறி நின்றது. வாய்க்கால் எப்போதும் இருந்தது, மடையைத் திறந்தது யார்?

பாய்மரம்:
அந்தக் காரணக் கட்டத்தை யார் நிரப்பினார்கள் என்றும் கேளுங்கள். கணக்கெடுக்கச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் மூத்த நீதிபதி தாமஸ் மில்லர். தங்கள் நிலம் காலியாகிவிடும் என்பது அன்றைய நிலக்கிழார்களின் பயம். பல இடங்களில் ஒரு கூட்டம் முழுவதற்கும் ஒரே வாசகம்தான். ஆளாளுக்குத் தனியாகக் கேட்டு எழுதியதாக அது படவில்லை.

யார்க்ஷயர்க்காரர்களும் ஓட்டாண்டிகள் அல்லர். இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவின் துணை ஆளுநர் மைக்கேல் ஃபிராங்க்ளின் தன் நிலத்துக்குக் குத்தகைதாரர் தேடி யார்க்ஷயருக்கே போய் ஆள் திரட்டினார். மாட்டையும் தட்டுமுட்டுச் சாமானையும் விற்று, ரொக்கமாகக் கட்டணம் கட்டி, பெண்டுபிள்ளைகளோடு போனவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

உப்புக்காற்று:
நீங்கள் இருவரும் வடக்கையே சுற்றுகிறீர்கள். லண்டனில் ஏறிய கூட்டம் வேறு மாதிரி: இருபதுகளில் இருக்கும் தனி ஆண்கள், கையில் கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டு உழைப்பதாக எழுதிய ஒப்பந்தச் சீட்டு, பெரும்பாலும் மேரிலாந்துக்கும் வர்ஜீனியாவுக்கும் பென்சில்வேனியாவுக்கும். (கைதிகள் தனிக் கணக்கு. கைதிகளை நாடு கடத்தும் 1718 சட்டத்துக்குப் பின் ஐம்பதாயிரம் பேர் வரை.)

சீட்டைக் கவனியுங்கள். ஒரே தாளில் இரண்டு பிரதி எழுதி, நடுவே வளைந்து நெளிந்து வெட்டுவார்கள். தகராறு வந்தால் இரண்டு துண்டும் பொருந்த வேண்டும். வயது வந்தவருக்கு வழக்கமாக 4 ஆண்டு, சிறுவர்களுக்குக் கூடுதல். 15 முதல் 21 வயதுக்குள் இருப்பவரை நீதிபதி முன்னிலையில் 8 ஆண்டு வரை எழுதிக்கொள்ள 1718 சட்டமே இடம் கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும் கைத்தொழில் தெரிந்தவனுக்கும் காலம் குறைவு. யாருக்கும் பிடிக்காத கரீபியத் தீவான பார்படோஸுக்குப் போகச் சம்மதித்தால் இன்னும் குறைவு. வேறு வழியே இல்லாதவனிடம் யாராவது இப்படிப் பேரம் பேசுவார்களா?

கேள்விக்குறி:
நம் ஆட்கள் மொரீஷியஸுக்குப் போன ஒப்பந்தக் கூலி மாதிரிதானே இது?

உப்புக்காற்று:
கப்பல் கட்டணத்தை உழைப்பில் கழிப்பது இரண்டிலும் உண்டு. மொரீஷியஸில் 5 ஆண்டு, மாதம் 5 ரூபாய் என்று கூலி பேசப்பட்டது. அமெரிக்காவில் மாதக் கூலியே கிடையாது. சோறு, துணி, படுக்க இடம், காலம் முடியும்போது விடுதலைப் பங்காகக் கொஞ்சம் துணியும் தானியமும் கருவிகளும். அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி:
அந்தப் பேரம் லண்டன் துறையோடு முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்கரையில் மாலுமித் தலைவன் சீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். துறைமுகத்தில் விலைபோகாதவர்களை மொத்தமாக வாங்கி, மாடு ஓட்டுவதுபோல் உள்நாட்டுக்கு ஓட்டிப்போய் விற்கவே ஆட்கள் இருந்தார்கள். மேரிலாந்தில் ஒரு நாள் ஓடிப்போனால் பத்து நாள் கூடுதல் வேலை. 4 ஆண்டுச் சீட்டு 6 ஆண்டாக இழுப்பதற்கு ஒரு ஓட்டம் போதும்.

குடும்பத்தோடு போனவர்களுக்கும் முகவரின் வாக்கு பல இடத்தில் காற்றோடு போனது. 1773-ல் ஸ்காட்லாந்தின் லாக் புரூமிலிருந்து ஜூலையில் கிளம்பிய ஹெக்டர் என்ற கப்பல், புயலில் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் செப்டம்பர் 15-ல்தான் நோவா ஸ்கோஷியாவின் பிக்டூ சேர்ந்தது. ஏறக்குறைய 200 பேரில் 18 பேர் அம்மையிலும் வயிற்றுக்கடுப்பிலும் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இறங்கிய இடம் காடு. விதைக்கும் பருவம் போய்விட்டது, வீடு கட்டப் பனிக்கு முன் சில வாரங்களே மிச்சம்.

பாய்மரம்:
சரி, 1775-க்கு வாருங்கள். அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டதும் செப்டம்பரில் ஸ்காட்லாந்துத் துறைமுகங்களில் குடியேறிகளின் கப்பல்களை நிறுத்தச் சொன்னார்கள், கூட்டம் நின்றது. குத்தகை அதனால் குறைந்துவிட்டதா? கப்பல் நின்றதும் ஆளும் நின்றுவிட்டான்.

ஏட்டுச்சுவடி:
மடையை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் வராதுதான், அதற்காக ஏரி வற்றிவிட்டதாகச் சொல்ல முடியுமா? போர் முடிந்தது 1783-ல். 1786-லேயே ஸ்காட்லாந்தின் நாய்டார்ட் பக்கத்திலிருந்து ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே கப்பலில் கனடாவுக்குப் போனார்கள். புகையிலைக் கணக்கும் இல்லை, ஆளிவிதைக் கணக்கும் இல்லை. உடன் போனவர் முகவர் அல்லர், அவர்களுடைய பாதிரியார்.