ஃபிஸ்டுலா மேல ஒரு பொருக்கு: கிட்னி நோயாளிகளோட தோல் தொற்று

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
ஒரு பெரியவரோட இடது கை ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடறதுக்காகத் தமனியையும் சிரையையும் ஆபரேஷன்ல இணைச்ச இடம்), நாலு வருஷமா ஓடுது. ஊசி எப்பவும் அதே ரெண்டு இடத்துலதான். அதுல ஒண்ணுல மிளகு அளவு கறுப்புப் பொருக்கு, சுத்தித் தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுமினுப்பு. காய்ச்சல் இல்ல, வலி இல்ல. "கொசு கடிச்சதைச் சொறிஞ்சுட்டேன் தம்பி"ன்னார் பெரியவர். பஞ்சால ஒத்துனதும் பொருக்கு ஓரத்துல ஒரு சொட்டுச் சீழ் எட்டிப் பார்த்துச்சு. அதுக்கு அடியில நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுது. அந்தக் கையில ஊசியே போடல. எந்தக் கிருமின்னு பார்க்கக் கல்ச்சர் எடுத்து, டயாலிசிஸுக்குக் கழுத்துல தற்காலிகக் கத்தீட்டர் (குழாய்) போட்டு, அன்னைக்கே ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ற வாஸ்குலர் சர்ஜன்கிட்ட அனுப்பியாச்சு. ஒவ்வொரு தடவையும் ஊசி இடத்தை ஏணிப்படி மாதிரி நகர்த்திட்டே போயிருந்தா தோல் இப்படித் தேஞ்சிருக்காது.

நெஃப்ராலஜி வார்டு ஸ்டாஃப் நர்ஸ்:
இடத்தை மாத்துறது மட்டும் போதாது தம்பி. பெரியவர் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் படுத்தாரா? ஊசி இடத்தைச் சுத்தம் பண்ற மருந்து குளோர்ஹெக்சிடின் ஆல்கஹால்னா 30 நொடி தேய்ச்சுட்டு, தானாக் காயணும். ஊதுறது, விசிறுறது, காஞ்ச இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்குறது எல்லாம் செஞ்ச வேலையைக் கெடுக்கும். பொவிடோன் அயோடின்னா ரெண்டு மூணு நிமிஷம் விடணும்.

காய்ச்சல் இல்லைங்கறதை யாரும் நம்பாதீங்க. சுகர்ல கிட்னி போன ஒரு அம்மா, கெண்டைக்கால்ல செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில பரவுற பாக்டீரியா தொற்று). கடையில வாங்கின வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் மூணு நாள். வலி குறைஞ்சதால வீட்லயே இருந்துட்டாங்க. முதல் நாள் கிளினிக்ல சிவப்போட ஓரத்தைப் பேனாவால வரைஞ்சு விட்டிருந்தாங்க. வார்டுக்கு வரும்போது சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி நாலு விரல் மேல. கிட்னி கெடக் கெட ஏறுற கிரியாட்டினின் 2.1 இருந்தது 5.8.

கிளினிக்கல் பார்மசிஸ்ட்:
சிஸ்டர் சொன்னது சரி, ஆனா ஆன்டிபயாட்டிக் ஊசி போடற நேரத்தை ரெண்டு பேருமே சொல்லல. கால்ல தொற்று வந்த ஒருத்தருக்குக் காலையில செஃபசோலின்ங்கற ஆன்டிபயாட்டிக் போட்டுட்டு உடனே மெஷின்ல ஏத்திட்டாங்க. மருந்துல கணிசமான பங்கு டயலைசர்லயே (ரத்தத்தை வடிகட்டுற பாகம்) போயிடுச்சு, கால் அப்படியே இருந்துச்சு. டயாலிசிஸ் முடிஞ்ச பிறகுதான் போடணும். வாரம் மூணு தடவைன்னா 2, 2, நீள இடைவெளிக்கு முன்னாடி 3 கிராம். நம்ம ஊர்ல நிறையப் பேருக்கு வாரம் ரெண்டு தடவைதான். இடைவெளி நாலு நாள் ஆச்சுன்னா இந்தக் கணக்கு தாங்காது, நெஃப்ராலஜிஸ்ட்டைக் கேளுங்க.

இன்னொரு ஆன்டிபயாட்டிக் வான்கோமைசின், அதோட முதல் டோஸைக் கிட்னியைக் காரணம் காட்டிக் குறைக்காதீங்க. கிலோவுக்கு 20-25 மில்லிகிராம் முழுசாக் கொடுக்கணும். அடுத்த டோஸ், டயாலிசிஸுக்கு முன்னாடி ரத்தத்துல எடுத்த மருந்து லெவலைப் பார்த்து. பிரஷர் மாத்திரை டெல்மிசார்டன் சாப்பிடுறவருக்குக் கோட்ரைமாக்சசோல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தா பொட்டாசியம் எகிறும். லினிசோலிட் ஆன்டிபயாட்டிக்குக்கு டோஸ் குறைக்க வேண்டாம், ஆனா வாரா வாரம் பிளேட்லெட் (ரத்தம் உறைய வைக்கிற அணுக்கள்) எண்ணிக்கையைப் பாருங்க. அக்கி வந்தா வைரஸ் மருந்து அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் அஞ்சு வேளைன்னு பழக்கத்துல எழுதிடுறாங்க. டயாலிசிஸ் நோயாளிக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான். அஞ்சு வேளை சாப்பிட்டா ரெண்டாம் மூணாம் நாளே காத்துல எதையோ பறிச்சுட்டு, ஆள் தெரியாமப் பேச ஆரம்பிச்சுடுவாங்க.

ஸ்டாஃப் நர்ஸ்:
நேரம் ஒத்துக்கறேன் சார். ஒண்ணு சேர்க்கணும். தொடையில வலை பின்னின மாதிரி ஊதா நிறம், தொட்டாலே துடிக்கிற வலி, நடுவுல கறுத்துட்டு வருது, கூடவே ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரின் ஓடுதுன்னா அது செல்லுலைட்டிஸ் இல்லாம கால்சிஃபிலாக்சிஸா (தோலோட சின்ன ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சு அடைக்கிற நோய்) இருக்கலாம். ஆன்டிபயாட்டிக்கை மாத்தி மாத்திப் போட்டுப் பத்து நாளை விட்டுடாதீங்க.