லெஸ்ஸில் தமிழ்ப் பைல் தேடுறது: உங்கட அனுபவம் என்ன?

மாங்குளம்:
காலபோகப் பட்டியல் மாதிரி நீளமான பைல்களை லெஸ்ஸில (less, லினக்ஸ் ரெர்மினலில பைலைப் பக்கம் பக்கமாக் காட்டுற கட்டளை) திறக்கிறது நல்லம். முழுப் பைலையும் வாசிச்சு முடிக்க முதலே முதற்பக்கம் வந்திடும். சேவருக்குள்ள போய்ப் பாக்கேக்க ஒவ்வொரு திரைக்குரிய எழுத்துத்தான் இணைப்பில வரும். அதால டேட்டா மெதுவா இருந்தாலும் சமாளிக்கலாம். ஸ்பேஸ் அமத்தினா அடுத்த பக்கம், பி (b) முந்தின பக்கம். / போட்டுச் சொல்லை அடிச்சு என்டர் குடுத்தாத் தேடும். சின்ன என் (n) அடுத்த இடம், பெரிய என் (N) முந்தின இடம்.

துணுக்காய்:
'வவுனிக்குளம்' எண்டு தேடினா 'வவுனிக்குளத்தில்' எண்ட வரி அம்பிடாது. வேற்றுமை ஏறினா 'ம்' போய் 'த்' வந்திடும். அதால இப்பிடித் தேடுங்கோ:
/வவுனிக்குள(ம்|த்)
வெறும் 'குள' எண்டு குடுத்தா 'குளிர்' எண்டதிலயும் போய் நிக்கும், ஏனெண்டா 'ளி' உள்ளுக்குள்ள ள, இகரக்குறி எண்டு ரெண்டு குறி. எங்கட பக்கத்தில ஊர்ப்பேர் கனக்கக் குளத்தில முடியிறதால & நல்லா உதவும். &அக்கராயன் எண்டு அடிச்சு என்டர் குடுத்தா அந்தச் சொல் உள்ள வரியள் மட்டும் நிக்கும். வெறும் & அடிச்சு என்டர் குடுத்தா முழுசும் திரும்ப வரும்.

முல்லைத்தீவு:
கண்ணுக்கு முன்னால சொல் கிடக்கும், ஆனால் லெஸ் இல்லையெண்டும். அனேகமா 'ொ' தான் காரணம். சில பைலில அது ஒரே குறி. சிலதில கொம்பும் காலும் வேற வேறயாச் சேர்ந்து கிடக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. லெஸ் ரெண்டையும் ஒண்டாக்கிப் பாக்காது. 'கொக்கிளாய்' தேட வேணுமெண்டா:
/க..?க்கிளாய்
புள்ளி (.) எண்டா ஏதாவது ஒரு குறி, ?  எண்டா அதுக்கு முன்னால உள்ளது இருந்தாலும் இல்லாட்டியும் சரி. ரெண்டு வடிவமும் பிடிபடும். 'ோ' வாற சொல்லுக்கும் இதுதான் வழி. கொம்பு இடம் மாறித் தெரிஞ்சாப் பயப்பட வேண்டாம், அது ரெர்மினல் வரையிற பிழை. பைலில பிழையில்லை, தேடலும் குழம்பாது.

கிளிநொச்சி:
எழுத்துக்குப் பதிலா கோண அடைப்புக்குள்ள எண்ணும் எழுத்துமா வந்தா ரெர்மினலின்ர மொழி அமைப்பு யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கிற ஒரு முறை) இல்லை, அதை மாத்தோணும். 'பைனரி பைலா இருக்கலாம், பாக்கவா?' எண்டு கேட்டா, விண்டோஸில யூடிஎஃப்-16 ஆச் சேமிச்சது எண்டதுதான் எங்களிட்டக் கூட. ஐகான்வ் (iconv, எழுத்துச் சேமிப்பு முறையை மாத்திற கட்டளை) கொண்டு யூடிஎஃப்-8 ஆக்கிப்போட்டுத் திறவுங்கோ. பாமினியில (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடிச்ச பழைய பைலெண்டா எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் தெரியும். அதில தமிழில தேடிப் பிரயோசனமில்லை, முதல்ல யூனிகோட்டுக்கு மாத்தோணும்.

மாங்குளம்:
பெரிய ஜி (G) அமத்திக் கடைசிக்குப் போகேக்க வரியெண்ணிக் கொண்டு நிண்டா கண்ட்ரோல்-சி குடுங்கோ, எண்ணுறதை விட்டிடும். திரும்பி வர ஒற்றை மேற்கோளை (') ரெண்டு தரம் அமத்தினாக் காணும்.