புதுப்பிப்பு: அந்தப் பெயரில்லாத ரோடு பைக் ஃபிரேம்

மலிவாகக் கிடைத்த பழைய ஸ்டீல் ஃபிரேம் ஒன்று எந்த வகை என்று முன்பு கேட்டிருந்தேன். ஸ்டிக்கர் இல்லை, மேலே இரண்டு கோட் பெயின்ட். பிரெஞ்சு ஃபிரேமாக இருக்கலாம் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள்.

பாட்டம் பிராக்கெட்டை, அதாவது பெடல் கைகளின் அச்சு சுழலும் பாகத்தைக் கழற்றியபோது விடை கிடைத்துவிட்டது. செயின் பக்கத்துக் கப்பை (அந்த அச்சைத் தாங்கும் மரையிட்ட வளையம்) இடஞ்சுழியாகத் திருப்பிக் கை வலித்ததுதான் மிச்சம். அப்புறம் வலஞ்சுழியாக ஓர் அழுத்து அழுத்தினேன், ‘டக்’ என்று இளகியது. பிரெஞ்சு, இத்தாலிய அளவுகளில் இரண்டு பக்கமும் வலது மரைதான் (இடஞ்சுழியாகத் திருப்பினால் கழல்வது) இருக்கும், ஆகவே அவை இரண்டும் இல்லை. கப் உட்காரும் கூட்டின் அகலம் 68 மி.மீ., மரை கேஜில் அங்குலத்துக்கு 24 மரை என்ற அளவு சரியாக உட்கார்ந்தது. ஆங்கில மரை! இதை வைத்து இங்கிலாந்தில் செய்தது என்று சொல்லிவிட முடியாது, ஜப்பான் ஃபிரேம்களிலும் இதே மரை உண்டு.

சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) விட்டம் 26.2 மி.மீ. சுவர் மெல்லிய உயர்ரகக் குழாய்களில் பெரும்பாலும் 27.2 வரும், அதனால் இது கொஞ்சம் கனமான சாதாரணக் குழாய்தான். ஆனால் பெயின்டைச் சுரண்டியபோது குழாய்களை இணைக்கும் லக்குகளின் ஓரமெங்கும் பித்தளை மெல்லிய பொன்கோடாக, இடைவெளியே இல்லாமல் ஓடியிருந்தது. யாரோ பொறுமையாகப் பற்றவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபிறகு இதைக் கைவிட மனம் வரவில்லை.

பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மி.மீ., அதனால் ஐந்து கியரே போதும். பழைய 27 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் சற்றுச் சிறிய 700சி சக்கரம் போட்டேன். ரிம் 4 மி.மீ. உள்ளே போகிறது, பிரேக் கட்டையை அந்த அளவு கீழே இறக்கினேன், பிடிக்கிறது. பாட்டம் பிராக்கெட்டில் பக்கத்துக்குப் பதினொரு குண்டுகள் (ஒவ்வொன்றும் கால் அங்குலம்), புது கிரீஸ். கிராங்க் (பெடல் கை) இப்போது சத்தமில்லாமல் சுற்றுகிறது. அடுத்தது ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்.