6 லட்சத்துக்குள் நம்பகமான கார் எது?

கேள்வி: திருநெல்வேலியில் வசிக்கும், சிறு குழந்தைகள் உள்ள எங்கள் வீட்டில் மாதம் 500 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடாது. 6 லட்சம் ரூபாய்க்குள் புதிய வேகன் ஆர் வாங்கலாமா, பழைய டீசல் கார் போதுமா?

பதில் 1: இவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். பிஎஸ் 6 என்னும் புகை மாசு விதிப்படி தயாரான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் அக்கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

பதில் 2: வேகன் ஆருக்குப் பராமரிப்பு மலிவு என்பது உண்மைதான். ஆனால், கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு அது 2023இல் பெற்றது 1 நட்சத்திரம். டாடாவின் டியாகோ கார் 2020இல் பெற்றது 4. நான் டியாகோவையே எடுப்பேன்.

பதில் 3: பழைய பெட்ரோல் கார் என்றால், ஆர்சி புத்தகத்தில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.