மறு: வாட்ச் காம்ப்ளிகேஷன் – தமிழ்ல இன்னா சொல்றது?

குடியாத்தம் ஐயா எழுதினது:
> நேரான தமிழ் இருக்கும்போது எதுக்குச் சுத்தி வளைக்கணும்? காம்ப்ளிகேஷன்னா சிக்கல். ‘20 சிக்கல் கொண்ட கைக்கடிகாரம்’. வேலை முடிஞ்சது.

ஐயா, கோச்சுக்காதீங்க. 20 சிக்கல் இருக்கிற வாட்ச்னு லாங் பஜார்ல யார்கிட்ட நீட்டினாலும் சர்வீசுக்கு வந்துருக்குன்னு பின்மூடியக் கழட்ட ஆரம்பிச்சிடுவாங்க. அந்தத் தொழில்ல இதுக்கு அர்த்தமே வேற, மணி நிமிஷம் செகண்ட் காட்டுறதுக்கு மேல ஒரு வாட்ச் எதச் செஞ்சாலும் அது ஒரு காம்ப்ளிகேஷன், வீட்டு பீரோல கிடக்கிற பழைய எச்எம்டில தேதி தெரியற ஜன்னல் இருந்தா அதுவும் கணக்குல வந்துடும்.

இன்னொரு விஷயம், இது எண்ணுற சொல்லு. கலெக்ட் பண்றவங்க மொதல்ல கேக்கிறதே எத்தனை இருக்குன்னுதான். பாடெக் ஃபிலிப்ங்கிற ஸ்விஸ் வாட்ச் கம்பெனி 1933ல ஹென்றி கிரேவ்ஸ்ங்கிற அமெரிக்கருக்குக் குடுத்த பாக்கெட் வாட்ச்ல 24, அது 2014ல ஜெனீவா ஏலத்துல 2 கோடி டாலருக்கும் மேல போச்சு. அதே கம்பெனியோட கையில கட்டுற கிராண்ட்மாஸ்டர் சைம்ல 20, அதுல ஸ்டீல்ல செஞ்ச ஒரே ஒரு பீஸ் 2019ல 3.1 கோடி ஸ்விஸ் ஃப்ராங்க். இவ்ளோ காசு போட்டு வாங்கினவர்கிட்ட போய் உங்க வாட்ச்ல 20 சிக்கல்னு சொல்ல முடியுமா?

ஆம்பூர் அண்ணன் சொன்ன ‘மிகைக்காட்டி’ கேக்க நல்லாத்தான் கீது. ஆனா மினிட் ரிப்பீட்டர் எதையும் காட்டுறதில்லயே அண்ணே, அது வாயால சொல்லுது. பக்கத்துல இருக்கிற தள்ளுகட்டைய ஒரு தள்ளு தள்ளினா மொதல்ல மணிக்கு கனத்த ஓசை, அப்புறம் ஒவ்வொரு கால் மணிக்கும் ரெண்டு ஓசை சேந்து டிங்-டாங், கடைசில மிச்ச நிமிஷத்துக்கு மெல்லிசு ஓசை. 12:59க்கு அடிக்க விட்டீங்கன்னா கனத்தது 12, டிங்-டாங் 3, மெல்லிசு 14, எல்லாத்தையும் அடிச்சு முடிக்கிற வரைக்கும் காத காட்டிகினு நிக்கணும். இதைக் காட்டின்னு எழுதினா சரியா வராது, எனக்கு இது ‘மணிசொல்லி’.

கூடுதல் பொறிங்கிற அர்த்தத்துல வர ‘கூடுபொறி’யும் வேணாம். டூர்பியான்ங்கிற சுத்துற அமைப்புல (கீழ சொல்றேன்) நிஜமாவே ஒரு கூடு கீது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்குவாங்க.

என் ஓட்டு ‘மேற்பொறி’க்கு. மாசத்துக்கு எத்தனை நாள், லீப் வருஷமான்னு தானே பாத்து தேதி மாத்துற பர்பெச்சுவல் காலண்டர எடுத்துக்கோங்க. அடியில மணி காட்டுற மிஷின் அதுபாட்டுக்கு ஓடுது, டயலுக்குக் கீழ அதும்மேல இன்னொரு அடுக்கு உக்காருது. பழைய முறையில செஞ்சதுல 48 மாசத்துக்கு ஒரு சக்கரம், நாலு வருஷத்துக்கு ஒரு சுத்து. அதோட ஓரத்துல 31 நாள் மாசத்துக்கு மேடு, 30க்கு லேசான பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் வருஷ பிப்ரவரிக்கு மட்டும் அத விட ஒரு மயிரிழை ஆழம் கம்மி. ஒரு சின்ன நெம்புகோலோட மூக்கு அந்த ஓரத்தத் தடவிகினே வருது, எவ்ளோ ஆழம் எறங்குதோ அதுக்கேத்த மாதிரி மாசக் கடைசில தேதி தாண்டுது. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. இதுக்கு ‘நிரந்தர நாள்காட்டி’ன்னு யாரோ போட்டுருந்தீங்க, அதுல பாதிக்கு மேல 2100ல தப்புத் தேதி காட்டும், ஏன்னா அது லீப் வருஷம் இல்ல. ‘நெட்டாண்டு நாள்காட்டி’ன்னா வம்பில்ல. மூன்ஃபேசுக்குப் ‘பிறைகாட்டி’ போதும்.

டூர்பியான் ‘சுழல்கூடு’. ப்ரெகேங்கிற வாட்ச் செய்யறவர் 1801ல பேடன்ட் வாங்கினது, சட்டைப்பைல நட்டுக்க நிக்கிற வாட்ச்சுக்காக. ஒரே நிலையில நின்னா புவியீர்ப்புல, அசைஞ்சு நேரத்த அளக்கிற பேலன்ஸ் வீல் ஒரு பக்கமா தப்பு பண்ணும், அதனால அதை, அதுக்கு விட்டு விட்டு விசை குடுக்கிற எஸ்கேப்மென்ட்டோட கூட்டுல போட்டு, பெரும்பாலும் நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு சுத்த விட்டா தப்பு ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிடும். கையில கட்டினா கை எப்படியும் ஆடிகினேதான் இருக்கும், அப்ப அது முக்கால்வாசி அழகுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். புதுசா எந்தத் தகவலும் தராததால இதைக் கணக்குல சேக்கக் கூடாதுன்னு சொல்றவங்க உண்டு, நானும் அந்தக் கட்சி. மேற்பொறின்னு வெச்சா அது தன்னாலயே வெளிய போயிடும், ஏன்னா அது மேல இல்ல, மிஷினோட நெஞ்சுக்குள்ளயே கீது.

—

ஆம்பூர் அண்ணன்:
> தம்பி, மேலன்னா டயல் பக்கம்னு சொல்றே. ஸ்டாப்வாட்ச் சேத்து வெச்ச பழைய நல்ல க்ரோனோகிராஃப திருப்பிப் பாரு, நெம்புகோல், சக்கரம் எல்லாம் பின்மூடி பக்கம் கீது. அது கீழ்ப்பொறியா?

அண்ணே, மேல்னா இடம் மட்டுமா? மேல்வருமானம் வீட்டு மாடிலயா கீது? அடிப்படைக்கு மேல அதிகமா இருக்கிறதுன்னு எடுத்துக்கோங்க, க்ரோனோகிராஃபும் உள்ள வந்துடும்.

—

ஆம்பூர் அண்ணன்:
> அதிகமா இருக்கிறதுன்னா டூர்பியானும் அதிகம்தானே? இப்பதான் இடத்த வெச்சு அதை வெளிய அனுப்பினே. சரி, மேற்பொறி ஏத்துக்கிறேன், ஆனா சுழல்கூட்ட நான் எண்ணிதான் தீருவேன். அப்புறம் ஸ்ட்ராப்புக்கு யாரும் புதுச் சொல் தேடாதீங்க, தோல் வேலை செய்யற எங்க ஊர்ல அது வார்தான்.